பிரஷர் பார்த்துப் பார்த்துப் பயப்படும் மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

நீ வரிசையாக அனுப்பிய பிரஷர் மெஷின் படங்களை எல்லாம் பார்த்தேன். 142, 158, 151, 136, மறுபடியும் 149. எல்லாம் ஒரு மணி நேரத்துக்குள் எடுத்தவை. கடைசிப் படத்துக்குக் கீழே “இதில் எதுப்பா உண்மை?” என்று கேட்டிருந்தாய். போனில் பேசினால் நீ அழ ஆரம்பித்துவிடுகிறாய், எனக்கும் சொல்ல வந்தது பாதியில் நின்றுபோகிறது. அதனால் நிதானமாக எழுதலாம் என்று உட்கார்ந்தேன். நீயும் நிதானமாகப் படி.

எல்லாமே உண்மைதான்ம்மா. அந்தந்த நிமிஷத்தில் இருந்ததை மெஷின் காட்டியிருக்கிறது. பிரஷர் என்பது நம் உயரத்தைப் போல ஒரே அளவில் நிற்கும் சமாசாரம் இல்லை. ஒவ்வொரு துடிப்புக்கும் அது மாறுகிறது. தூங்கும்போது பகலில் இருப்பதைவிடப் பத்து முதல் இருபது சதவீதம் வரை இறங்கும். விடிந்து எழும் நேரத்தில் ஏறும். படி ஏறினால், கோபப்பட்டால், யாரிடமாவது வேகமாகப் பேசினால் ஏறும். அப்படி மாறத் தெரியாத உடம்பு படுக்கையிலிருந்து எழுந்து நின்றதுமே மயங்கி விழுந்துவிடும். ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற பாதிரியார் குதிரையின் ரத்தக் குழாயில் ஒரு கண்ணாடிக் குழாயை இணைத்து ரத்தம் எவ்வளவு உயரம் எழும்புகிறது என்று அளந்து, 1733-ல் அதைப் பற்றி எழுதினார். அந்தக் குழாயிலும் ரத்தம் ஒரே மட்டத்தில் நிற்கவில்லை, துடிப்புக்குத் துடிப்பு ஏறி இறங்கிக்கொண்டுதான் இருந்தது.

அப்புறம், மெஷின் எப்படி அளக்கிறது என்று தெரிந்துகொண்டால் உன் பயம் கொஞ்சம் குறையும். கையில் சுற்றும் பட்டை இறுகிவிட்டு மெல்லத் தளரும்போது, ரத்தக் குழாயின் துடிப்பு அந்தப் பட்டையில் சின்னச் சின்ன அதிர்வுகளை உண்டாக்குகிறது. அந்த அதிர்வு எங்கே அதிகமாக இருக்கிறது என்று கவனித்து, அதிலிருந்து மேல் அளவையும் கீழ் அளவையும் மெஷின் கணக்குப் போட்டுச் சொல்கிறது. கை அசைந்தாலும் பேசினாலும் அந்தக் கணக்கு மாறும். முறையாகச் சோதித்துத் தேறிய நல்ல மெஷினிலும் சில புள்ளிகள் முன்னே பின்னே இருக்கத்தான் செய்யும். அதனால் 136-க்கும் 140-க்கும் நடுவே இருக்கும் வித்தியாசத்தை வைத்துக்கொண்டு நீ ஒரு இரவைத் தொலைக்க வேண்டியதில்லை.

158-க்கு வருகிறேன். முதலில் 142 வந்தது. உனக்குப் பக்கென்றது. பயந்தால் உடம்பில் அட்ரினலின் சுரக்கும், இதயம் வேகமாக அடிக்கும், ரத்தக் குழாய்கள் இறுகும். அந்த நிலையில் மறுபடி பட்டையைச் சுற்றினாய், 158 வந்தது. அதைப் பார்த்து இன்னும் பயம், இன்னும் ஒரு தடவை. அந்த ஒரு மணி நேரத்தில் வந்த அளவுகளில் பயத்தின் பங்கு எவ்வளவு, உன் பிரஷரின் பங்கு எவ்வளவு என்று எந்த டாக்டராலும் பிரித்துச் சொல்ல முடியாது. டாக்டர் அறையில் மட்டும் பலருக்கு ஏறும் என்பதால்தான் வீட்டில் பார்த்து எழுதிக்கொண்டு வரச் சொல்கிறார்கள். நீ அந்த டாக்டர் அறையின் பதற்றத்தை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டாய். உன்மேல் குற்றம் சொல்லவில்லை கண்ணு. உன் இடத்தில் யார் இருந்தாலும் இப்படித்தான் ஆகும்.

நீ உண்மையில் எதற்குப் பயப்படுகிறாய் என்று எனக்குத் தெரியும். பாட்டி. ஒரே இரவில் வலது கையும் காலும் விழுந்து, பேச்சும் குழறிப்போய் அவர் கிடந்ததை நீ சின்ன வயதில் பார்த்திருக்கிறாய். அது திடீரென்று வந்ததாகத்தான் உன் மனதில் பதிந்திருக்கும். ஆனால் இதயச் சுவர் தடித்துப்போயிருந்ததைப் பார்த்த டாக்டர், இந்த பிரஷர் பல வருஷமாகவே இருந்திருக்க வேண்டும் என்றார். அதுவரை பாட்டிக்கு யாரும் பிரஷர் பார்த்ததே இல்லை. வலி இல்லை, தலைசுற்றல் இல்லை, அதனால் பார்க்க வேண்டும் என்று அவருக்கும் தோன்றவில்லை. யாருக்கும் தெரியாமல் வருஷக்கணக்கில் உயர்ந்தே நின்ற பிரஷர் அது. நான் பயப்படுவது அந்த மாதிரி பிரஷருக்குத்தான். ஒரு சாயங்காலம் 158-க்குப் போய் அரை மணி நேரத்தில் 136-க்கு வந்தது அதே வகை என்று நீ எடுத்துக்கொள்ளக் கூடாது. உனக்கு இருக்கிறதா இல்லையா என்பது இன்னும் முடிவாகவே இல்லை. அதைத்தான் கண்டுபிடிக்கப் போகிறோம்.

அதற்கு ஒரு வாரம் போதும். காலையில் ஒரு வேளை, சாயங்காலம் ஒரு வேளை. ஒவ்வொரு வேளையும் ஒரு நிமிஷ இடைவெளியில் இரண்டு தடவை பார்த்து எழுது, அவ்வளவுதான். மூன்றாவது தடவை ஆசைக்காகப் பார்க்காதே. முதல் நாள் அளவுகளை விட்டுவிட்டு மீதி ஆறு நாளின் சராசரியைப் போடு. வீட்டில் பார்க்கும் அளவுக்கு 135-க்கு 85 என்பதை எல்லையாகப் பல நாட்டு மருத்துவர்கள் வைத்திருக்கிறார்கள், அமெரிக்காவில் 130-க்கு 80. சராசரி அதற்கு மேலே நின்றால் டாக்டர் அடுத்து என்ன என்று சொல்வார். தனியாக நிற்கும் ஒரு பெரிய எண்ணை வைத்து அவர் எதையும் முடிவு செய்யமாட்டார். நீயும் செய்யாதே.

உன் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பட்டையை ஸ்வெட்டர் கையின் மேலேயே சுற்றியிருக்கிறாய். வேண்டாம், வெறும் தோலில் சுற்று. கை கட்டிலின் ஓரத்தில் தொங்குகிறது. பட்டை இதயத்தின் மட்டத்துக்குப் பத்து சென்டிமீட்டர் கீழே இருந்தாலே ஏழெட்டுப் புள்ளி கூடக் காட்டும். மேஜைமேல் கையைத் தளர்வாக வைத்துக்கொள். கட்டிலில் உட்காராமல் சாய்மானம் உள்ள நாற்காலியில் உட்கார், கால்மேல் கால் போடாதே, பாதம் இரண்டும் தரையில் படட்டும். ஐந்து நிமிஷம் சும்மா இருந்துவிட்டுப் பட்டனை அழுத்து. அந்த ஐந்து நிமிஷத்தைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள், அதுதான் ரொம்ப முக்கியம். சிறுநீரை அடக்கிக்கொண்டு பார்க்காதே. காபி குடித்து அரை மணி நேரமாவது ஆகட்டும். அதோடு, அன்றைக்கு 151 வந்தபோது நீ என்னோடு போனில் பேசிக்கொண்டே பார்த்தாய். பேசினாலே பத்துப் புள்ளி ஏறலாம். இனி என்னைக் கூப்பிடுவதானால் அளந்து எழுதி முடித்த பிறகு கூப்பிடு.

பட்டையின் அளவு உன் கைக்குப் பொருந்துகிறதா என்றும் பார். மேல்கையின் நடுவில் டேப் வைத்து அளந்து, பட்டையில் அச்சிட்டிருக்கும் சென்டிமீட்டரோடு ஒப்பிட்டுப் பார்த்தால் தெரியும். சின்னப் பட்டை அளவைக் கூட்டிக் காட்டும். முதல் நாள் இரண்டு கையிலும் பார்த்துவிட்டு, எதில் அதிகமாக வருகிறதோ அந்தக் கையிலேயே தொடர்ந்து பார். முதுகு வலிக்கு மாத்திரை போடுகிறேன் என்றாயே, அதன் பெயரை டாக்டரிடம் சொல். இபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகளும் சில மூக்கடைப்பு மாத்திரைகளும் பிரஷரை ஏற்றக்கூடியவை.

பயப்பட வேண்டிய நேரம் எது என்றும் சொல்லிவிடுகிறேன். அது தெரிந்தால்தான் மற்ற நேரத்தில் நிம்மதியாக இருக்க முடியும். நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், முகமோ கையோ ஒரு பக்கமாகத் தளர்வது, பேச்சுக் குழறுவது, திடீரென்று பார்வை மங்குவது, இதுவரை வராத கடுமையான தலைவலி, இவற்றில் எது வந்தாலும் மெஷினைத் தேடாதே, உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடு. எண் என்னவாக இருந்தாலும் சரி. மேல் அளவு 180-ஐயோ கீழ் அளவு 120-ஐயோ தாண்டி, இந்தத் தொந்தரவு எதுவும் இல்லையென்றால், அமைதியாக உட்கார்ந்து சில நிமிஷம் கழித்து மறுபடி பார். அப்போதும் அப்படியே நின்றால் அன்றைக்கே டாக்டரைக் கூப்பிடு. துடிப்பு ஒழுங்கில்லை என்ற அடையாளத்தை மெஷின் அடிக்கடி காட்டினாலும், எழுந்து நிற்கும்போது தலை சுற்றினாலும் அவரிடம் சொல்ல வேண்டும்.

டாக்டரிடம் போகும்போது அந்த வாரத்து அளவுகளை முழுசாகக் கொண்டுபோ. அதிகமாக வந்ததை மறைக்கவும் வேண்டாம், அதற்கு மட்டும் சிவப்பு வட்டம் போடவும் வேண்டாம். மெஷினையும் எடுத்துப் போய் அவருடையதோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல். அளவுகள் ரொம்பவும் முன்னே பின்னே இருந்தால் 24 மணி நேரமும் உடம்பிலேயே கட்டி அளக்கும் மெஷின் ஒன்று இருக்கிறது, தூக்கத்திலும் அளக்கும். அது தேவையா என்று கேள். மாத்திரை வேண்டும் என்று சொன்னால் தயங்காமல் ஆரம்பி. நானும் வருஷக்கணக்காகச் சாப்பிடுகிறேன், நன்றாகத்தான் இருக்கிறேன். ஆனால் ஒரு நாள் அளவைப் பார்த்து நீயாகக் கூட்டவோ குறைக்கவோ கூடாது.

இந்த ஒரு வாரம் மட்டும், சாயங்கால அளவை எழுதியதும் மெஷினை அலமாரியில் வைத்து மூடிவிடு. ராத்திரி எழுந்து எடுக்கத் தோன்றினால் எடுக்காமல் எனக்கு போன் பண்ணு, எந்த நேரமானாலும் எடுப்பேன். டாக்டரைப் பார்க்கும் நாள் முடிவானதும் சொல். நானும் பக்கத்தில் இருந்தால் நல்லது என்று தோன்றினால் அதையும் சொல், முன்கூட்டியே டிக்கெட் போட்டுவிடுகிறேன்.

அன்புடன்,
அப்பா