அந்த கோட்டு எவ்ளோன்னு கேட்டல்ல

அன்புள்ள அக்கா,

நல்லா இருக்கியா, மாமா, குட்டிங்க எல்லாம் நல்லா இருக்காங்களா. போன வாரம் நான் அந்த கோட்டு போட்டு அனுப்புன போட்டோவ பாத்துட்டு அம்மா ரெண்டு நாளா போன்ல ஒரே பாட்டு, சம்பளம் பூரா துணிக்கே கொட்டுறியாடின்னு. நீயும் சேந்துகிட்டு "எவ்ளோ?"ன்னு ஒத்த வார்த்தைல மெசேஜ் போட்டுட்ட. வாயால சொன்னா நம்பமாட்டீங்க, அதான் கணக்கோட எழுதுறேன், அம்மாவுக்கு படிச்சு காட்டு. கோட்டு 22 பவுண்டு, பட்டன் 6, டிரை கிளீனிங் 14, மொத்தம் 42.

ஆனா அதுக்கு முன்னாடி ஒரு 45 பவுண்டு தண்டம் அழுதேன், அதையும் மறைக்காம சொல்லிடுறேன். இங்க இங்கிலாந்துல, லீட்ஸ்ல, டிசம்பர்னா நாலு மணிக்கெல்லாம் இருட்டிடும், வேலை முடிஞ்சு பஸ் ஏற போற வழில விக்டோரியா குவார்ட்டர்னு ஒரு ஆர்கேட், மேல கூரை பூரா கலர் கண்ணாடி, ரெண்டு பக்கமும் பெரிய பெரிய டிசைனர் கடைங்க. உள்ள போற தைரியம் எல்லாம் இல்ல, சும்மா கண்ணாடில மூக்கை ஒட்டிகிட்டு நிப்பேன். அப்படி பாத்து பாத்து கேமல் கலர் நீள கோட்டு மேல ஒரு பைத்தியம் புடிச்சிருச்சு. அந்த மாதிரி கோட்டுக்கெல்லாம் தாய் மாதிரி ஒன்னு இருக்கு, மேக்ஸ் மாரான்னு ஒரு இத்தாலி கம்பெனியோடது, 101801ன்னு நம்பர்தான் அதுக்கு பேரே, 1981ல வந்த டிசைன், இன்னும் அதையேதான் விக்குறாங்க, விலை ரெண்டாயிரம் பவுண்டுக்கு மேல. நான் என்ன பண்ணேன், அதே மாதிரி தெரியுதேன்னு ஆன்லைன்ல ஒரு கடைல 45க்கு ஆர்டர் போட்டேன். போட்டோல ராணி மாதிரி இருந்துச்சு, வந்தது பாலியஸ்டர், டியூப்லைட்டுக்கு கீழ நின்னா பளபளன்னு மின்னுது, தோள் தொங்குது, நாலு தடவை போட்டதும் கையிடுக்குல உருண்டை உருண்டையா நூல் திரண்டுருச்சு. இதுல காமெடி என்னன்னா, புது கோட்டுல பின்னாடி கீழ பிளந்திருக்குற இடத்துல X மாதிரி ஒரு தையல் போட்டிருப்பாங்க, மடங்காம இருக்கத்தான் அது, வாங்குனதும் வெட்டி எடுத்துடணும். எனக்கு எங்க தெரியும், டிசைன்னு நெனச்சு மூணு வாரம் அப்படியே சுத்துனேன், கடைசில ஆபீஸ்ல ஒரு வயசான அம்மா கூப்பிட்டு கத்திரிக்கோலால நறுக்குன்னு வெட்டி விட்டாங்க. மானம் போச்சு.

அப்பதான் உன் ஞாபகம் வந்துச்சு. நீ எந்த துணிக்கடைக்கு போனாலும் முதல்ல உள்பக்கம் திருப்பி தையலை பாப்ப, நான் பக்கத்துல நின்னு சீக்கிரம் வாக்கான்னு நச்சரிப்பேன். இப்ப நானும் அதையேதான் பண்றேன். ஜன்னல்ல அந்த விலை கோட்டை திரும்ப போய் உத்து பாத்தேன், என்னதான் வித்தியாசம்னு. லேபிள் வெளிய தெரியுறதே இல்ல. துணி கனமா நேரா விழுது, தோள் கரெக்டா உக்காருது, பட்டன் மின்னல, உடம்பு பூரா ஒரே கலர் குடும்பம். இந்த அஞ்சும் கெடச்சா போதும்னு முடிவு பண்ணிட்டேன்.

இங்க சேரிட்டி ஷாப்னு இருக்கு, ஆக்ஸ்ஃபாம், பிரிட்டிஷ் ஹார்ட் ஃபவுண்டேஷன் அந்த மாதிரி, ஜனங்க தானமா குடுக்குறத வித்து அந்த காசை தர்ம காரியத்துக்கு போடுவாங்க. பழைய துணியான்னு அம்மா மூஞ்சி சுளிப்பாங்க, நானும் சுளிச்சவதான். ஆனா வசதியானவங்க இருக்குற ஏரியா கடையா பாத்து போகணும், அங்க வர்ற சரக்கே வேற. நான் கலரை பாக்குறதுக்கு முன்னாடி உள்ள தச்சிருக்குற சின்ன லேபிளைத்தான் படிப்பேன், எது எத்தனை சதவீதம்னு போட்டிருக்கும். அந்த 22 பவுண்டு கோட்டு அப்படி கெடச்சதுதான், 70 சதவீதம் உல்லன். அப்புறம் தோள். நீளம், கை, பட்டன் எல்லாம் மாத்திக்கலாம், தோள் சரியில்லன்னா வச்சுட்டு வந்துடணும், அது உனக்கே தெரியும். அதே கடைல ஆம்பளைங்க பக்கம் ஹாரிஸ் ட்வீட் ஜாக்கெட்டும் ஒன்னு மாட்டுச்சு, ஸ்காட்லாந்து பக்கத்துல சில தீவுல இருக்குறவங்க வீட்டுலயே தறி போட்டு நெய்யுற துணி, 1993ல அதுக்குன்னே பார்லிமெண்ட்ல சட்டம் போட்டிருக்காங்கன்னா பாத்துக்கோ. இப்ப டிசைனருங்க எல்லாம் பொண்ணுங்களுக்கு ஆம்பளை சைஸ்ல தொளதொளன்னுதான் போட்டு விடுறாங்க, அதனால எனக்கு அது ஃபேஷன், மாமாவுக்கு கெடையாது.

பட்டன் கதைதான் எனக்கு ரொம்ப புடிச்சது. வாங்குனப்போ கோட்டுல தங்க கலர்ல மினுமினுன்னு பிளாஸ்டிக் பட்டன், மொத்த விலையையும் காட்டி குடுத்துச்சு. அந்த ஆர்கேட்டுக்கு எதிர்ல ரோட்டை தாண்டுனா கர்க்கேட் மார்க்கெட், மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர்னு இங்க பெரிய கடை இருக்குல்ல, அது 1884ல எல்லாமே ஒரு பென்னின்னு கடை போட்டு ஆரம்பிச்சது இந்த மார்க்கெட்லதான். அங்க நூல், ஜிப்பு, பட்டன் விக்குற கடைல கொம்பு மாதிரி ப்ரவுன்ல மங்கலா இருக்குற பட்டனா பொறுக்கி எடுத்து ராத்திரி உக்காந்து தச்சேன். நீ சொல்லி குடுத்த மாதிரி பட்டனுக்கும் துணிக்கும் நடுவுல கொஞ்சம் இடம் விட்டு, தண்டு மாதிரி நூலை சுத்தித்தான் தச்சேன், ஒட்டி தைக்கல, திட்டாத.

அப்புறம் குளிருக்கு தடியா நாலு ஸ்வெட்டர் போட்டா எந்த கோட்டும் மூட்டை மாதிரிதான் ஆகும். யுனிக்ளோன்னு ஜப்பான் துணி கம்பெனி, அதுல ஹீட்டெக்னு மெல்லிசா பனியன் மாதிரி வரும், அது ரெண்டு போதும், மேல ஒரு மெல்லிய ஸ்வெட்டர். ஆபீஸ் உள்ள ஹீட்டர் கொதிக்கும், அதனால ஒன்னொன்னா கழட்டவும் வசதி. இளவரசர் ஹாரியை கட்டிகிட்ட மேகன் மார்க்கல் 2018ல கல்யாணத்துக்கு போட்ட கவுனை டிசைன் பண்ணவங்க இப்ப யுனிக்ளோவுக்குத்தான் பண்றாங்க, டிசைனர் கையே நம்ம விலைக்கு இறங்கி வந்துருச்சு. பேன்ட்டும் ஸ்வெட்டரும் கோட்டு கலரையே ஒட்டி போட்டுடுவேன், பிஸ்கட் கலர், ப்ரவுன், கிரீம், அவ்ளோதான், அந்த போட்டோல பணக்காரி மாதிரி தெரிஞ்சதுக்கு பாதி காரணம் அதுதான்.

இன்னொரு திருட்டு ஐடியா, நம்ம சைஸுக்குன்னே பண்ண மாதிரி. இங்க சின்ன பசங்க துணிக்கு வாட் வரி கெடையாது, பெரியவங்களுக்கு 20 சதவீதம். நான் குள்ளமா இருக்குறதால 13 வயசு பசங்க சைஸ் உல்லன் தொப்பி, ஸ்வெட்டர் எல்லாம் எனக்கு அளவெடுத்த மாதிரி உக்காருது. குள்ளச்சின்னு கூப்பிட்டல்ல, இப்ப பாரு லாபத்தை.

எல்லாம் சரியா வருதுன்னு சொல்லமாட்டேன். அந்த டெட்டி கோட்டு, கரடி பொம்மை மாதிரி புசுபுசுன்னு, மேக்ஸ் மாரா 2013ல கொண்டு வந்தது, அதோட மலிவு காப்பியை நம்பவே நம்பாத, மழைல நனைஞ்சா நாய்க்குட்டி மாதிரி ஆயிடும், இங்கயோ மழை நின்னாதான் அதிசயம். பூட்ஸ்லயும் கஞ்சத்தனம் பண்ணா கால்தான் அழும், அதுக்கு மட்டும் காசு சேத்து வச்சு பாக்ஸிங் டே சேல்ல, அதாவது கிறிஸ்துமஸுக்கு மறுநாள் 26ஆம் தேதி, நல்ல லெதர்ல வாங்கினேன். கம்பெனி பேரை பெருசா போட்ட டூப்ளிகேட் பையையும் தொடமாட்டேன், அதை மாட்டுனா மத்ததையும் சேத்து சந்தேகப்படுவாங்க.

சரி, இப்ப விஷயத்துக்கு வரேன். கோட்டோட கை எனக்கு ரெண்டு இஞ்ச் நீளம். போட்டோல மடக்கி விட்டிருந்தேன், நீ கவனிச்சியான்னு தெரியல. இங்க டெய்லர்கிட்ட கேட்டா கோட்டு விலையை விட கூட கேக்குறாங்க, உள்ள லைனிங் இருக்குறதால. லைனிங்கை எந்த இடத்துல பிரிக்கணும், முழங்கை பக்கமா கைநுனி பக்கமா, திரும்ப தைக்கிறப்போ எவ்ளோ லூசு விடணும், இதை ஒரு வாய்ஸ் நோட்ல மெதுவா சொல்லு. ஞாயித்துக்கிழமைதான் எனக்கு லீவு, அதுக்குள்ள அனுப்பிடு, பிரிச்சு போட்டுட்டு பாதில நின்னேன்னா திங்கக்கிழமை குளிர்ல போட உருப்படியா வேற கோட்டு இல்ல.

உன் தங்கச்சி