மாத்திரை அளவை மாற்றாமல் சோற்றை நிறுத்தலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மாவுச்சத்தைக் குறைத்து உண்ணும் முறை பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். சோறு, இட்லி, தோசையை விட்டு முட்டை, மீன், காய்கறி, தேங்காய் என்று மாறியவர்களுக்கு எடையும் ரத்தச் சர்க்கரையும் இறங்கியதை அதில் விவரித்திருந்தார்கள். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஏற்கெனவே சர்க்கரைக்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு அதில் ஒரு வரிகூட இல்லை. அந்த ஒரு வரி தெரியாமல் போனதால் எங்கள் வீட்டில் நடந்ததை மற்றவர்களும் அறிய வேண்டும் என்றே இதை எழுதுகிறேன்.

என் தந்தைக்கு வயது 67. பல ஆண்டுகளாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு மாத்திரைகளும் ரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரையும் எடுத்து வருகிறார். சென்ற ஆவணியில், பேலியோ என்னும் இந்த மாவுச்சத்து குறைந்த உணவு முறையில் பலன் கண்ட உறவினர் சொன்னதைக் கேட்டு ஒரே நாளில் சோற்றை நிறுத்தினார். மாத்திரைகளை வழக்கம்போல் விழுங்கி வந்தார். நான்காம் நாள் விடியற்காலையில் கொல்லைக் கதவருகே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். சட்டை முழுவதும் வியர்வையில் நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது, பேச்சு குழறியது. குளுக்கோமீட்டரில் ரத்தச் சர்க்கரை 52-க்குத் தாழ்ந்திருந்தது. நல்ல வேளையாக நினைவு தப்பவில்லை, விழுங்க முடிந்தது. அம்மா மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தார். கால் மணி நேரம் கழித்துப் பார்த்தபோது 88.

கிளிமிபிரைடு கணையத்தைத் தூண்டி, ரத்தச் சர்க்கரையைத் தாழ்த்தும் இன்சுலினைச் சுரக்க வைக்கும் மருந்து. தட்டில் சோறு இருக்கிறதா, முட்டை இருக்கிறதா என்று அது பார்ப்பதில்லை. இன்சுலின் ஊசி போடுகிறவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு. உணவு மாறும் நாளிலேயே அளவும் மாற வேண்டிய மருந்துகள் இவை.

அந்த நான்கு நாளில் அப்பாவின் எடை இரண்டரைக் கிலோ குறைந்திருந்தது. கொழுப்பு கரைந்துவிட்டது என்று எல்லோரும் மகிழ்ந்தோம். உண்மையில் பெரும்பகுதி தண்ணீர்தான். கல்லீரலில் ஏறக்குறைய 100 கிராமும் தசைகளில் 400 கிராம் அளவுக்கும் கிளைகோஜனாகச் சர்க்கரை சேமிக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் நீரைப் பிடித்து வைத்திருக்கும். சேமிப்பு கரையும்போது அந்த நீரும் வெளியேறுகிறது. இன்சுலின் தாழ்ந்தவுடன் சிறுநீரகமும் உப்பைக் கூடுதலாக வெளியேற்றத் தொடங்கும். முதல் வாரத்தின் தலைவலி, கெண்டைக்கால் பிடிப்பு, எழுந்தவுடன் வரும் கிறுகிறுப்பு ஆகியவற்றுக்குப் பெரும்பாலும் இதுவே காரணம். ரத்த அழுத்த மாத்திரையும் உள்ளே போகும்போது அந்தக் கிறுகிறுப்பு ஆளைக் கீழே தள்ளிவிடக்கூடும்.

அதன் பிறகு உடல் வேறு எரிபொருளுக்குப் பழகுகிறது. கல்லீரல் கொழுப்பைக் கீட்டோன்களாக மாற்றி ரத்தத்தில் விடுகிறது. 1967-இல் அமெரிக்காவில் ஜார்ஜ் கேஹில் குழுவினர், ஐந்தாறு வாரங்கள் உண்ணாதிருந்த மூவரை ஆராய்ந்து, சர்க்கரையை மட்டுமே நம்பியிருப்பதாகக் கருதப்பட்ட மூளையும் பெரும்பகுதி ஆற்றலைக் கீட்டோன்களிலிருந்து எடுத்துக்கொள்கிறது என்று காட்டினார்கள். இந்தப் பழக்கம் இரண்டு மூன்று நாளில் தொடங்கினாலும் முழுமையடையச் சில வாரங்கள் ஆகும். நம் உடலுக்குள் இப்படியொரு ஏற்பாடு இருப்பது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது. ஆனால் அந்த வாரங்களை மருந்து மாத்திரையோடு கடப்பவருக்குக் கண்காணிப்பு வேண்டும்.

தங்கள் கட்டுரை இன்னொன்றையும் சொல்லியிருக்க வேண்டும். சிறுநீர் வழியே சர்க்கரையை வெளியேற்றும் டாபாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகள், 2020-இல் காப்புரிமை முடிந்து விலை இறங்கிய பிறகு நம் ஊர்களில் பரவலாகிவிட்டன. இவற்றைச் சாப்பிடுகிறவர் மாவுச்சத்தையும் கடுமையாகக் குறைத்தால், கீட்டோன்கள் அளவு மீறிப் பெருகி ரத்தம் அமிலமாகிவிடக்கூடும். உணவு மாற்றத்தால் ரத்தத்தில் கீட்டோன் கூடும் சாதாரண நிலையில் (கீட்டோசிஸ்) அவற்றின் அளவு லிட்டருக்கு 0.5 முதல் 3 மில்லிமோல் வரைதான்; அமிலநிலையில் அது பல மடங்கு ஏறும். இதில் கொடுமை என்னவென்றால், குளுக்கோமீட்டரில் சர்க்கரை இயல்பாகவோ சற்றே கூடுதலாகவோ மட்டும் காட்டுவதால் வீட்டில் யாருக்கும் சந்தேகம் வராது. குமட்டல், வயிற்றுவலி, மூச்சிரைப்பு என்று வந்தால் மீட்டரை நம்பி வீட்டில் இருந்துவிடாமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2015-லேயே இதை எச்சரித்தது.

நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோயோடு வாழ்கிறார்கள் என்று 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ஆய்வு சொல்கிறது. இத்தகைய கட்டுரைகளை ஆவலோடு கத்தரித்து வைத்துக்கொள்கிறவர்கள் பெரும்பாலும் அவர்களே. எனவே அடுத்த முறை இதைப் பற்றி எழுதும்போது, மருந்துச் சீட்டை மருத்துவரிடம் காட்டி எந்த மாத்திரையைக் குறைப்பது, எதை நிறுத்துவது என்று கேட்ட பிறகே தொடங்க வேண்டும் என்பதைக் கட்டுரையின் தொடக்கத்திலேயே கட்டம் கட்டி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

அப்பா அந்த உணவு முறையைக் கைவிடவில்லை. மருத்துவர் கிளிமிபிரைடை நிறுத்தி, அழுத்த மாத்திரையைப் பாதியாக்கினார். மதியம் ஒரு கரண்டி சோறும் அனுமதித்தார். காலை, இரவு சர்க்கரை அளவுகளை அம்மா பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் குறித்து வருகிறார்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
கும்பகோணம்.