விற்கும் வீட்டில் வெள்ளத் தடத்தை மறைக்காதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தை பிறந்தால் நம் நெல்லைப் பகுதியில் வீடு பார்க்க வருவோர் பெருகுவதும், விற்க நினைப்போர் அதற்கு முன்பே வீட்டைச் சுத்தம் செய்து பெயின்ட் அடித்து வைப்பதும் வழக்கம். அப்படித் தயார் செய்ததில் எங்கள் குடும்பம் செய்த தவறு பிறருக்கும் நேரக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

சிந்துபூந்துறையில் என் பெற்றோர் வாழ்ந்த பழைய வீட்டுக்குள், 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையின்போது தாமிரபரணி வெள்ளம் புகுந்து இடுப்பளவு நின்றது. தண்ணீர் வடிந்தபின் முன்பக்கத் தார்சாவிலிருந்து அடுப்படி வரை சுவர் நெடுக வண்டல் கோடு படிந்திருந்தது. அப்பா காலமானதும் வீட்டை விற்க முடிவு செய்து, தரகர் சொன்னபடி சுவருக்குப் பட்டி பார்த்துப் பளபளப்பான பெயின்ட் அடித்தோம். சுவரில் மாட்டியிருந்த அம்மாவின் படத்தைக் கழற்றச் சொன்னதை மட்டும் நான் கேட்கவில்லை.

மூன்றாம் வாரம் கோவில்பட்டியிலிருந்து ஒரு குடும்பத்தினர் பார்க்க வந்தார்கள். பேச்சுவாக்கில் அந்த அம்மா பட்டாசல் என்னும் நடுக்கூடத்தின் சுவரில் கையை ஊன்ற, பெயின்ட் அப்பளமாக நொறுங்கி, உள்ளிருந்த வெள்ளை உப்புத்தூள் அவர் புடவையில் உதிர்ந்தது. அதன்பின் அவர்கள் எதையும் கேட்கவில்லை. கிணற்றடியைக்கூடப் பார்க்காமல் கிளம்பிவிட்டார்கள்.

செங்கல்லும் சுண்ணாம்புக் காரையுமாகக் கட்டிய சுவர், குடித்த ஈரத்தை மெல்ல வெளியே விட்டாக வேண்டும் என்றும், பெயின்ட் அந்த வழியை அடைத்துவிடுவதால் ஈரத்தோடு வரும் உப்பு அடியிலேயே பூத்துப் பூச்சைத் தள்ளிவிடுகிறது என்றும் எங்கள் கொத்தனார் பிறகுதான் விளக்கினார். அவர் சொற்படி எல்லாவற்றையும் சுரண்டியெடுத்து, கோடை முழுவதும் கதவு சன்னல்களைத் திறந்துபோட்டுச் சுவரைக் காயவிட்டு, மட்டப்பாவில் (மொட்டை மாடியில்) ஒழுகிய இடத்தைச் செப்பனிட்டு, கடைசியில் சுண்ணாம்பு மட்டும் அடித்தோம். வெள்ளம் நின்ற உயரத்தை வாசல் நிலையில் ஒரு கரிக்கோடாக விட்டுவைத்து, வந்தவர்களுக்கு முதலில் அதையே காட்டினோம். விலை சற்றுக் குறைந்தது உண்மை. ஆனால் வாங்கியவர் கோட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, மின் மீட்டரை எவ்வளவு உயரத்துக்கு மாற்றலாம் என்று என்னிடமே யோசனை கேட்டார்.

சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் வாங்குபவரால் கண்டுபிடிக்க முடியாத முக்கியமான குறை, விற்பவருக்குத் தெரிந்திருந்தால் அதைச் சொல்லியாக வேண்டும் என்று 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 55ஆம் பிரிவில் கூறுகிறது. இதைத் தரகர்கள் யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, வீட்டுவரி ரசீது ஆகியவற்றின் நகல்களைக் கோப்பாக வைத்திருப்பதும், இறந்தவர் பெயரில் உள்ள பட்டாவை வாரிசுச் சான்று கொடுத்து முன்கூட்டியே மாற்றுவதும் பெயின்ட்டைவிட அவசரமான வேலைகள்.

தங்கள் நாளிதழில் வரும் வீடு விற்பனை விளம்பரங்களில், ஆற்றோரப் பகுதி வீடுகளுக்கு மட்டுமாவது, 2023 வெள்ளத்தில் தண்ணீர் புகுந்ததா, எத்தனை அடி நின்றது என்ற ஒரு வரியைக் கேட்டு வாங்கி வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
பாளையங்கோட்டை.