பேத்தியின் காலுக்காக உழைத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

எங்கள் சுங்கை சிப்புட் வட்டார அரசாங்க கிளினிக்கின் மருத்துவருக்கும், ஈப்போ பெரிய மருத்துவமனையில் குழந்தைகள் வார்டில் எங்களைத் தாங்கிய மருத்துவர்களுக்கும் தாதியருக்கும், மாவட்டச் சுகாதார அலுவலகத்தாருக்கும், நான் முகம் பார்த்திராத பரிசோதனைக்கூட ஊழியர்களுக்கும் வணக்கத்துடன் எழுதுவது.

நான்கு வயது நிறைந்த என் பேத்தி ஒரு திங்கட்கிழமை காலை கட்டிலை விட்டு இறங்கியதும் வலது கால் மடங்கித் தரையில் உட்கார்ந்துவிட்டாள். உடம்பு இலேசாகச் சுட்டது. பத்து நாளைக்கு முன்பு அவளுக்கு வயிற்றுப்போக்கு இருந்து சரியாகியிருந்தது. முதலில் நாங்கள் தூக்கிக்கொண்டு போன இடத்தில், விளையாடிய களைப்பு என்று சொல்லி வலி மருந்து கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அதில் இரண்டு நாள் போனது. புதன்கிழமைதான் அரசாங்க கிளினிக்கின் மருத்துவர் அவளைப் பார்த்தார்.

அந்த அம்மையார் நாற்காலியை ஒதுக்கிவிட்டு, விரித்த பாயில் குழந்தைக்கு எதிரே அமர்ந்தார். பேத்தியின் கைக்குள் எப்போதும் இருக்கும் ரப்பர் கொட்டையை வாங்கி, அவளுடைய பாதத்துக்கு முன்னால் வைத்து, "தோலாக், அடேக்" (தள்ளு, கண்ணு) என்று மலாயில் சொன்னார். இடது பாதம் கொட்டையைத் தள்ளியது. வலது பாதம் கிடந்த இடத்திலேயே கிடந்தது. அடுத்துப் பஞ்சால் வலது உள்ளங்காலை வருடியபோது கூச்சத்தில் சிரித்தாள். முழங்காலுக்குக் கீழே சின்னச் சுத்தியலால் தட்டியபோது வலது கால் துள்ளவே இல்லை, இடது கால் அரைகுறையாகத் துள்ளியது. உணர்ச்சி இருக்கிறது, அசைவு இல்லை, அதுவும் ஒரு பக்கம் கூடுதலாக, காய்ச்சலுடன் சேர்ந்து. இது எந்த நோயின் சாயல் என்று அவர் சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

ஏனென்றால் 1971இல், எனக்கு ஏழு வயதும் என் தங்கைக்கு மூன்று வயதும் ஆனபோது, எங்கள் லயத்து வீட்டில் இதே காட்சியைக் கண்டிருக்கிறேன். தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரெஸ்ஸர் காலைத் தொட்டுப் பார்த்து, இளம்பிள்ளை வாதம் என்று ஒரே சொல்லில் சொல்லிவிட்டுப் போனார். அவரிடம் வேறெதுவும் இல்லை. அவர்மேல் எனக்கு வருத்தமும் இல்லை. போலியோ சொட்டு மருந்து நம் நாட்டுப் பிள்ளைகளுக்கு 1972இல்தான் வரத் தொடங்கியது. தங்கையின் இடது கால் அதன் பிறகு வளர்ச்சியில் பின்தங்கிப்போனது.

பேத்தியின் தடுப்பூசிப் புத்தகத்தில் ஒன்றுகூட விடுபடவில்லை. அதைப் பார்த்த மருத்துவர், "நல்ல செய்தி, ஆனாலும் சோதித்துத்தான் ஆக வேண்டும்" என்றார். 15 வயதுக்குக் கீழ்ப்பட்ட எந்தப் பிள்ளைக்கும் கை கால் திடீரெனத் தளர்ந்துபோனால், காரணம் வேறாக இருக்கும் என்று தோன்றினாலும், உடனே தெரிவித்து, போலியோ இல்லை என்பதைச் சோதனையால் நிலைநாட்ட வேண்டும் என்பதே விதி. 1992க்குப் பிறகு மலேசியாவில் போலியோ இல்லை என்று நாம் நிம்மதியாக இருந்தபோது, 2019 டிசம்பரில் சபாவின் துவாரான் பகுதியில் மூன்று மாத ஆண் குழந்தை ஒன்றுக்கு அது உறுதிசெய்யப்பட்டதை அவர் நினைவூட்டினார். என் கண் முன்னாலேயே மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்குத் தொலைபேசியில் தகவல் சொன்னார். அன்று பகலே நாங்கள் ஈப்போவில் இருந்தோம்.

அங்கே தாதியர் முதலில் கேட்டது பேத்தியின் மலத்தைத்தான். பெரிய மருத்துவமனையில் இரத்தத்தையும் இயந்திரங்களையும் எதிர்பார்த்துப் போன எனக்கு அது வியப்பாக இருந்தது. போலியோ கிருமி குடலில்தான் பெருகுகிறது, வாரக்கணக்கில் மலத்தோடு வெளியேறுகிறது, இரத்தத்திலும் தண்டுவட நீரிலும் அகப்படுவது அரிது என்று ஓர் இளம் மருத்துவர் பொறுமையாக விளக்கினார். கிருமி எல்லா நாளும் ஒரே சீராக வெளிவராது என்பதால் ஒரு முறை எடுத்தால் போதாது. தளர்ச்சி தொடங்கிய 14 நாளுக்குள், குறைந்தது 24 மணி நேர இடைவெளியில், இரண்டு முறை எடுக்க வேண்டும். பெரியவரின் கட்டைவிரல் அளவு வேண்டும், சிறுநீர் கலக்கக் கூடாது. முதல் மாதிரி அன்றிரவே கிடைத்தது. இரண்டாவதற்குக் குழந்தை எங்களைக் காக்க வைத்தாள். வியாழன் போய் வெள்ளி மாலை வரை, பப்பாளிப் பழம் ஊட்டி, கதை சொல்லி, ஒவ்வொரு மணிக்கும் முகம் சுளிக்காமல் வந்து பார்த்த தாதியின் பொறுமையை எந்தச் சொல்லால் போற்றுவது என்று எனக்குத் தெரியவில்லை. புட்டியை இறுக மூடி, பெயரும் தேதியும் எழுதி, பைக்குள் வைத்து, ஐஸ் பெட்டியில் அவர் இறக்கியபோது பெட்டிக்குள் இருந்த வெப்பமானியை எனக்கும் காட்டினார். 2 முதல் 8 பாகைக்குள் இருக்க வேண்டும், மூன்று நாளுக்குள் பரிசோதனைக்கூடம் சேர வேண்டும், இல்லாவிட்டால் கிருமி இருந்தும் இல்லை என்று தவறான விடை வந்துவிடலாம் என்றார். அந்தப் பெட்டியை எடுத்துச் சென்ற ஓட்டுநர் ஐயாவுக்கு என் கைகூப்பிய நன்றி.

இதற்கிடையில் இடது காலும் தளர்ந்தது. எங்களுக்கு உயிர் போனது; மருத்துவர்களுக்கோ அது ஒரு தடயமாயிற்று. போலியோவில் தளர்ச்சி பெரும்பாலும் ஒரு பக்கமாகவே நின்றுவிடும். இரண்டு பக்கமும் கீழிருந்து மேலாக ஏறினால் கில்லன்-பாரே என்னும் நரம்பு நோயை நினைக்க வேண்டும். இடுப்பில் ஊசி செலுத்தித் தண்டுவட நீரை எடுத்தபோது, குழந்தையை அணைத்துப் பிடித்திருந்த தாதியின் கையில் அவள் பல் பதிந்த தடம் இருந்ததை நான் பார்த்தேன். போலியோ என்றால் தொடக்கத்தில் அந்த நீரில் வெள்ளணுக்கள் கூடியிருக்கும். இவளுக்கு அணுக்கள் மிகக் குறைவாகவும் புரதம் மட்டும் அதிகமாகவும் இருந்தன. நரம்புகளில் மின் துடிப்பு ஓடும் வேகத்தை அளந்தபோது அது குறைந்திருந்தது. மல முடிவுக்குக் காத்திராமல் அன்றே இம்யூனோகுளோபுலின் என்னும் நோயெதிர்ப்புப் புரத மருந்தை ஏற்றத் தொடங்கி, ஐந்து நாள் கொடுத்தார்கள்.

கில்லன்-பாரே என்று ஏறக்குறைய தெளிவான பிறகும் அந்த இரண்டு புட்டிகளை யாரும் மறந்துவிடவில்லை. பரிசோதனைக்கூடத்தில் அவற்றை இரண்டு வகை உயிரணுக்களில் இட்டு வளர்த்துப் பார்ப்பார்களாம். ஆர்டி என்னும் மனித உயிரணுவில் குடலில் வாழும் பல கிருமிகள் வளரும். எல்20பி என்பது எலியின் உயிரணு. மனிதரிடம் போலியோ கிருமி ஒட்டிக்கொள்ளும் வாயிலை அதில் அமைத்திருப்பதால், போலியோ இருந்தால் அதில் காட்டிக்கொடுத்துவிடும். அப்படி ஏதேனும் வளர்ந்தால் அதன் மரபணுவைப் படித்து, இயற்கைக் கிருமியா, சொட்டு மருந்தில் உள்ள வலுவிழந்த கிருமி திரிந்து உருவானதா என்று பிரித்தறிவார்கள். நாள்தோறும் நுண்ணோக்கியில் குனிந்து, எங்கள் வீட்டுப் பிள்ளையின் பெயர் எழுதிய குழாயைப் பார்த்தவர் யாரோ, அவருக்கும் சேர்த்தே இந்த மடல். மூன்றாம் வாரத்தில் முடிவு வந்தது. இரண்டு மாதிரியிலும் போலியோ கிருமி இல்லை.

எங்கள் வீட்டுக்கு வந்து குடிநீர், கழிவறை, அண்மைப் பயணம் என எல்லாம் விசாரித்து, அக்கம்பக்கத்துப் பிள்ளைகளின் தடுப்பூசிப் புத்தகங்களையும் பார்த்துச் சென்ற சுகாதார ஆய்வாளருக்கும், அப்போது முகம் கோணாமல் தங்கள் பிள்ளைகளை அழைத்து வந்து நிறுத்திய அண்டை வீட்டாருக்கும் நன்றி.

முடிவு தெரிந்த பிறகும் 60ஆம் நாள் மறுபடி வரச் சொல்லியிருந்தார்கள். தளர்ச்சி எஞ்சியிருக்கிறதா என்று பார்க்கும் சோதனை அது. என் தங்கையும் உடன் வந்தாள். பேத்தி சற்றே அகலக் கால் வைத்து, ஆனால் யார் கையையும் பிடிக்காமல் அறையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடந்தாள். பிறகு மருத்துவர் அளவு நாடாவை எடுத்து இரண்டு தொடையின் சுற்றளவையும் அளந்தார். நாடாவின் மறுமுனையைத் தங்கைதான் பிடித்திருந்தாள். இரண்டும் ஒரே அளவு. "இன்னொரு தடவை அளங்க, டாக்டர்" என்றாள் தங்கை. மருத்துவர் ஏன் என்று கேட்கவில்லை. இன்னொரு தடவை அளந்து காட்டினார்.

நெஞ்சம் நிறைந்த நன்றியுடன்,
ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர்,
சுங்கை சிப்புட், பேராக்