டிரிப் காசும் டீசல் போனசும்

அன்பு மகனுக்கு,

போனில் சொன்னால் ‘சரிம்மா, சரிம்மா’ என்று வைத்துவிடுகிறாய். அதனால் எழுதுகிறேன். இங்கே சிங்கப்பூரில் கனரக வண்டிக்கான கிளாஸ் 4 லைசென்ஸ் எடுத்து, கன்டெய்னர் டிரெய்லரை இழுக்கும் பிரைம் மூவரில் நீ ஏறியதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் வேலைக் கடிதத்தைப் படம் பிடித்து அனுப்பி, ‘மாசம் நாலாயிரம் வரும்மா’ என்றாயே, அதைத்தான் கொஞ்சம் பேச வேண்டும். லாரி கம்பெனியில் சம்பளக் கணக்குப் போடுகிறவளிடம் காட்டி மாட்டிக்கொண்டாய்.

அதில் அடிப்படைச் சம்பளம் 2,400 வெள்ளி. மற்றதெல்லாம் ஒவ்வொரு நடைக்கும் தரும் டிரிப் காசு, டீசலை மிச்சம் பிடித்தால் வரும் டீசல் போனஸ், விபத்து இல்லாவிட்டால் வரும் போனஸ். வண்டி பட்டறையில் நின்றாலோ துறைமுகத்தில் வரிசை நகராவிட்டாலோ அந்த மாதம் அவை சுருங்கிவிடும். ஓடி (OT), அதாவது கூடுதல் நேர வேலைக்கான சம்பளக் கணக்கும் அடிப்படையை வைத்துத்தான். 2,400ஐ 12ஆல் பெருக்கி, 52 வாரம், வாரத்துக்கு 44 மணி நேரம் என்று வகுத்துப் பார். மணிக்கு 12.59 வெள்ளி வரும், ஒன்றரை மடங்கு போட்டால் 18.88. அடிப்படை 3,000 என்றால் அதே ஒரு மணி நேர ஓடிக்கு 23.60. இரண்டு கம்பெனிகளும் ‘நாலாயிரம்’ என்றே விளம்பரம் போடலாம். ‘ஓடியெல்லாம் டிரிப் காசிலேயே அடக்கம்’ என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு வராதே. அடிப்படை 4,500 வெள்ளியைத் தாண்டாத லாரி ஓட்டுநருக்கு வேலை நியமனச் சட்டப்படி ஓடி உண்டு. டிரிப் காசுக்கும் மசேநி, அதாவது மத்திய சேம நிதி, கட்டியாக வேண்டும். உன்னிடம் 20 விழுக்காடு பிடித்தால் முதலாளி 17 போட வேண்டும். சம்பளச் சீட்டில் அதைத் தனியாகக் காட்டியிருக்கிறார்களா பார். 13ஆம் மாதச் சம்பளம் ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால்தான் உண்டு, சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. சேரும்போது தந்த போனசை, இத்தனை மாதத்துக்குள் விலகினால் திருப்பித் தர வேண்டும் என்று எழுதியிருக்கிறார்களா என்பதையும் படி. அறை வாடகையை அந்த 2,400ஐ நம்பி மட்டும் பேசு.

அப்புறம் டீசல். நீ யூடியூபில் பார்க்கும் அமெரிக்க டிரைவர்களுக்கு மைலுக்கு இத்தனை சென்ட் என்று சம்பளம். நாள் முழுக்க நெடுஞ்சாலையில் ஓடுகிறார்கள். அங்கே வேகத்தைக் கொஞ்சம் குறைத்தாலே, காற்றின் எதிர்ப்பு குறைந்து நல்ல மிச்சம் வரும். நம் வண்டிக்கு விரைவுச்சாலையிலும் மணிக்கு 60 கிலோமீட்டர்தான். ஊரே கிழக்கிலிருந்து மேற்கு வரை 50 கிலோமீட்டர் அளவுதான். இங்கே டீசலைத் தின்பது சிக்னலும் காத்திருப்பும்.

வண்டி கண்காணிப்பு அறிக்கை என் மேசைக்கும் வரும். துவாஸ் துறைமுகத்தில் வெயில் நேரத்தில், வரிசையில் வண்டியைப் போட்டு ஏசியில் தூங்குகிறவர்களின் பதிவு தனியாகத் தெரியும். வண்டி நகரவே இல்லை, இன்ஜின் மட்டும் ஓடியிருக்கும். பெரிய டீசல் இன்ஜின் சும்மா ஓடினாலே மணிக்கு இரண்டு மூன்று லிட்டர் குடிக்கும். நிறுத்தி வைத்த வண்டியில் இன்ஜினை ஓடவிட்டால் இங்கே அபராதமும் உண்டு. அந்த வெயிலில் அணைத்துவிட்டு உட்கார் என்று சொல்வது எளிது, எனக்குத் தெரியும். வரிசை நகராது என்று தெரிந்தால் அணைத்துவிட்டு நிழலில் இறங்கி நில். பேட்டரியில் ஓடும் சின்ன மின்விசிறி ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன், வந்து எடுத்துக்கொள்.

உங்கப்பாவோடு லாரியில் போனது உனக்கு நினைவிருக்கும். தூரத்தில் சிவப்பு கண்ணில் பட்டதுமே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுவார். வண்டி கியரிலேயே இருக்கும், தானாக வேகம் குறையும். பல நேரம் சிக்னலை நெருங்கும்போது பச்சை விழுந்துவிடும். கியரில் வைத்துக் காலை எடுத்தால், இப்போதைய இன்ஜினில் டீசல் பாய்வதே நின்றுவிடும். நியூட்ரலில் போட்டு உருட்டினால்தான் மிச்சம் என்று பழைய ஆட்கள் சிலர் சொல்வார்கள், கேட்காதே. அதில் டீசலும் எரியும், இறக்கத்தில் பிரேக்குக்கும் ஆபத்து. டயர் காற்றைக் காலையிலேயே பார்த்துவிடு.

டிரிப் காசு ஓடு என்கிறது, டீசல் போனஸ் பொறு என்கிறது, எதைக் கேட்பது என்று நீ குழம்பலாம். இத்தனை வருஷம் கணக்குப் பார்த்ததில் சொல்கிறேன், டிரிப் கூடுவது சாலையில் இல்லை, துறைமுக வாசலில்தான். கன்டெய்னர் எண், சீல், துறைமுக நேரம் எல்லாம் கிளம்பும் முன்பே சரிபார்த்தவன் திரும்பி ஓட வேண்டியதில்லை. சிக்னலுக்கு சிக்னல் மிதித்து ஓட்டி நீ மிச்சம் பிடிக்கும் நிமிடங்களை, காகிதத்தில் ஒரு எண் தவறினால் அங்கேயே பறிகொடுப்பாய்.

ஒன்று மட்டும் இந்த வாரமே மேலாளரிடம் கேட்டுவிடு: டீசல் போனஸ் வண்டிக்கா, ஆளுக்கா? உன் வண்டியை இரவு ஷிப்டில் வேறு ஒருவர் ஓட்டினால், அவர் எரிக்கும் டீசலும் உன் கணக்கில் ஏறிவிடும். கனமான சரக்கையும் காலி டிரெய்லரையும் ஒரே அளவுகோலில் பார்க்கிறார்களா என்றும் கேள். அவர் எழுத்தில் தந்தால் எனக்கு அனுப்பு. முதல் சம்பளச் சீட்டையும் சேர்த்து அனுப்பு, ஞாயிற்றுக்கிழமை வரும்போது உட்கார்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
அம்மா