அம்மிணிக்கு, கோபியிலிருந்து

அன்புள்ள அம்மிணிக்கு,

அம்மா எழுதுகிறேன். அப்பாவின் முட்டி பழையபடிதான். தடப்பள்ளி வாய்க்காலில் தண்ணீர் விட்டாயிற்று, நடவுக்குத்தான் ஆள் கிடைக்கவில்லை. போனில் ஆரம்பித்தால் "அப்புறம் பேசறேன்மா" என்பாய், அதனால் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

நீ அனுப்பிய உன் ஆராய்ச்சித் திட்ட ஒப்பந்தத்தை அப்பாவை விட்டுப் பிரிண்ட் எடுக்கச் சொல்லி முழுக்கப் படித்தேன். ஆராய்ச்சிப் பணத்துக்குக் கணக்குப் பார்க்கும் ப்ராஜக்ட் செக்‌ஷனில் முப்பத்திரண்டு வருஷம் இருந்தவளுக்கு வேறென்ன பொழுதுபோக்கு. ஆறு நாடு, ஒன்பது நிறுவனம். ஐரோப்பிய ஆணையம் தரும் பணம் உங்களிடம் வந்து, மற்ற எட்டுப் பேருக்கும் நீங்கள்தான் பிரித்து அனுப்ப வேண்டும். அறிக்கைக் காலம் முடிந்த 60 நாளுக்குள் ஒன்பது பேர் கணக்கும் உன் வழியாகப் போக வேண்டும். ஒருத்தர் கணக்கு வராவிட்டாலும் பதில் சொல்வது நீ. படித்து முடித்ததும் பெருமையாகத்தான் இருந்தது. சின்னப் பாட்டியிடம் போய்ச் சொன்னேன். "கணக்குப்பிள்ளை வேலைக்கா அவ டாக்டர் பட்டம் வாங்கினா?" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் பாட்டி கேட்டதில் தப்பும் இல்லை.

இந்தக் கணக்கையும் அறிக்கையையும் பார்க்க ஓர் ஆள் போடு அம்மிணி.

வேலை இன்னும் கொஞ்சம் கூடட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றாய். வேலை கூடிய பிறகு ஆள் தேட உனக்கு ஏது நேரம்? முதல் அறிக்கைக் காலம் முடிவது 18ஆவது மாதம். இப்போது பத்து முடிந்துவிட்டது. விளம்பரம், நேர்காணல், வருகிறவர் பழைய இடத்தில் கொடுக்க வேண்டிய நோட்டீஸ் எல்லாம் சேர்ந்து நாலு மாதமாவது ஓடும். இன்றைக்கே ஆரம்பித்தால்தான் பதினாலில் வந்து உட்காருவார். கடைசி 60 நாளில் வந்தால் அவரால் உனக்கு உதவி இல்லை, அவர் கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்வதே உனக்கு இன்னொரு வேலை. நியாயமாகப் பார்த்தால் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்பே பட்ஜெட்டில் ஓர் ஆளைக் காட்டியிருக்க வேண்டும். சரி, போகட்டும்.

சம்பளத்துக்குப் பணம் இல்லை, ஆய்வகத்துக்கு வைத்த பணத்தில் கை வைக்க வேண்டும் என்கிறாய். முழு நாள் ஆள் எதற்கு? பக்கத்து ப்ராஜக்ட்டோடு பாதிப் பாதி வைத்துக்கொள். கரண்ட், கட்டடம், ஆபீஸ் மாதிரி மறைமுகச் செலவுக்கென்று நேரடிச் செலவில் 25 சதவீதம் தருகிறார்களே, அது யாருக்குப் போகிறது என்று உங்கள் யுனிவர்சிட்டியில் கேள். வாரத்துக்கு இரண்டு நாள் அவர்கள் ஆபீஸிலிருந்து ஒருவரைக் கொடுக்கச் சொல். கேட்கக் கூச்சப்படாதே. நாங்கள் அந்தக் காலத்தில் கேட்கிறவர்களுக்குத்தான் கொடுத்தோம்.

விஞ்ஞானியாகப் பார்த்து எடுக்காதே. வெட்கப்படாமல் மூன்றாவது தடவையும் நினைவூட்டல் அனுப்பத் தெரிந்தவராக எடு. ஆய்வில் எது முதலில், கட்டுரையில் யார் பெயர் என்பதை மட்டும் அவரிடம் விடாதே. கையெழுத்து உன்னுடையது, துரத்துவது அவர் வேலை.

2017இல் நோபல் அறிவித்த அன்று ஈர்ப்பு அலையைத் தேடிய அமெரிக்க ஆய்வு லைகோவின் கதையை நீதான் எனக்குச் சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா? வைஸ், தோர்ன், ட்ரீவர் என்று மூன்று பேர் சேர்ந்து நடத்தி, எதையும் முடிவு செய்ய முடியாமல் இழுத்து, 1987இல்தான் தனியாக ஓர் இயக்குநரைப் போட்டார்கள். 1994இல் பாரிஷ் வந்து ஒழுங்குபடுத்தினார். 2015இல் அலையைப் பிடித்தார்கள். நிர்வாகம் பார்த்த பாரிஷுக்கும் பரிசில் பங்கு வந்தது. அன்றைக்கு அதைச் சொல்லி நீதானே குதித்தாய்? உங்கள் ஒன்பது பேருக்குப் பாரிஷ் வேண்டாம், நல்ல கிளார்க் ஒருவர் போதும்.

அத்தை வீட்டுச் சீருக்கு நீ வராததை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அத்தைதான் எடுத்துக்கொண்டாள். வாட்ஸப்பில் நீ கடைசியாக வந்த நேரம் எனக்குக் காலை ஆறேகால் என்று காட்டுகிறது. அப்போது உங்கள் ஊரில் மணி என்ன என்று கணக்குப் போடத் தெரியாதவளா நான்?

போன தடவை நீ சொன்னாய், "புது ஆளுக்குச் சொல்லிக் கொடுக்கிற நேரத்துல நானே முடிச்சிடுவேன்மா." அதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. ஏனென்றால் அது என் வசனம். 1998இல் ஒரு தற்காலிக கிளார்க் தருகிறோம் என்று கூப்பிட்டுச் சொன்னார்கள். இதே வார்த்தையைச் சொல்லி வேண்டாம் என்றேன். என்னைத் தவிர யாருக்கும் சரியாக வராது என்ற கர்வம். மார்ச் 31 கணக்கை முடித்துப் கொடுத்த பணம் சரியாகச் செலவானது என்று பயன்பாட்டுச் சான்றிதழ் அனுப்பினால்தான் அடுத்த வருஷத்துப் பணம் வரும். ஒரு புரொபசரின் ஃபைல் நாலு மாதம் என் மேஜையில் கிடந்தது. அவரிடம் இருந்த ஆராய்ச்சி மாணவருக்கு ஏழு மாதம் உதவித்தொகை வரவில்லை. அந்தப் பையன் பாதியில் விட்டுவிட்டுத் திருப்பூரில் பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போய்விட்டான். டெல்லியில் தாமதம் என்று எல்லோரிடமும் சொன்னேன். எல்லோரும் நம்பினார்கள். அப்பாவுக்குக்கூட இது தெரியாது.

அந்த நாலு மாதமும் ராத்திரி ஒன்பதுக்குத்தான் வீட்டுக்கு வருவேன். நீ எதிர்வீட்டில் சாப்பிட்டு, யூனிஃபார்மோடு தூங்கிக் கிடப்பாய். தூக்கிக்கொண்டு வருவேன். ஒருநாள் கண்ணைத் திறந்து, "ஃபைல் முடிஞ்சிருச்சாம்மா?" என்று கேட்டாய். முடிஞ்சிருச்சு என்று பொய் சொன்னேன்.

நேற்று மாப்பிள்ளைக்குப் போன் போட்டேன். நீ சாப்பிடுகிறாயா என்றதற்கு, "அவகிட்டயே கேளுங்க அத்தை" என்றார். அதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

விளம்பரத்தை எழுதி எனக்கு அனுப்பு. இங்கிலீஷில் இருந்தாலும் பார்த்துத் திருத்தித் தருகிறேன். பருப்புப் பொடி பார்சல் போட்டிருக்கிறேன், கையெழுத்துப் போட்டு வாங்க யாராவது வீட்டில் இருங்கள். ஞாயிற்றுக்கிழமை போன் பக்கத்திலேயே இருப்பேன்.

அம்மா