பெட்டை என்று எழுதிக் கொடுத்து விற்ற சேவல் குஞ்சுகள் பற்றிய புகார்

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

மதிப்பிற்குரிய ஐயா,

உங்கள் நிறுவனத்தில், பட்டுப்போல் மென்மையான இறகுள்ள சில்க்கி இனக் கோழிக்குஞ்சுகள் ஆறு வாங்கினேன். "ஆறும் பெட்டை, உத்தரவாதம்" என்று ரசீதிலேயே எழுதிக் கொடுத்தீர்கள். அதற்காகக் குஞ்சு ஒன்றுக்குக் கூடுதல் விலையும் வாங்கினீர்கள். இன்று அவற்றில் மூன்று சேவல்களாக நிற்கின்றன.

வாங்கிய அன்று உங்கள் ஊழியர் ஒவ்வொரு குஞ்சின் இறக்கையையும் விளக்கடியில் விரித்து, "கீழ்வரிசை இறகு நீளம், அதனால் பெட்டை" என்று காட்டினார். இப்படி ஒரு முறை இருப்பது உண்மைதான். ஆனால் வேகமாக இறகு முளைக்கும் சேவலையும் மெதுவாக முளைக்கும் பெட்டையையும் அதற்கென்றே இணைத்துப் பெற்ற குஞ்சுகளுக்குத்தான் அது செல்லும். அவற்றில் பெட்டைக்குஞ்சின் இறக்கை இறகு, அதன்மேல் படிந்திருக்கும் சிற்றிறகைத் தாண்டி நீண்டிருக்கும். சேவல் குஞ்சுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒரே நீளம். அதையும் பொரித்த ஓரிரு நாளுக்குள் பார்த்துவிட வேண்டும். நீங்கள் விற்றவையோ அப்படி இணைத்துப் பெறாத, ஒரு வாரம் கடந்த குஞ்சுகள். அவற்றின் இறக்கையை விரித்துப் பார்த்து எதைச் சொல்ல முடியும்?

குஞ்சின் எச்சத்துவாரத்தை மெல்லத் திறந்து, உள்ளே இருக்கும் மிகச் சிறிய புடைப்பைப் பார்த்துச் சேவலா பெட்டையா என்று சொல்வது ஜப்பானியர் வளர்த்தெடுத்து 1930களில் உலகெங்கும் பரவிய கலை. அதற்கு நீண்ட பயிற்சி வேண்டும். அந்தப் பயிற்சி உள்ளவர் உங்களிடம் இல்லை என்று உங்கள் ஊழியரே தொலைபேசியில் ஒப்புக்கொண்டார். பிறகு எந்தத் துணிவில் உத்தரவாதம் எழுதினீர்கள்?

குஞ்சுகள் வளர வளர மூன்றின் கொண்டை கருஞ்சிவப்பாகத் தடித்தது. தலையிறகு உருண்டு நிற்காமல் பின்னோக்கி வாரிவிட்டாற்போல் நீண்டது. படம் எடுத்து அனுப்பினேன். "பெட்டைக்கும் அப்படி வரும், பொறுங்கள்" என்று பதில் வந்தது. சில வாரங்களில் மூன்றும் கூவத் தொடங்கின. விடிய ஏழு மணியாகும் இந்தச் சிங்கப்பூரில் ஐந்து மணிக்கு முன்பே கூவுகின்றன. எங்களுடையது தரைவீடு, அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கைக்குள், கூண்டடித்துத்தான் வளர்க்கிறோம். ஆனால் பக்கத்து வீட்டில் இரவுப்பணி முடித்து வந்து உறங்கும் தாதிக்கு நான் என்ன சமாதானம் சொல்வது?

இதையெல்லாம்விட என்னைக் கொதிக்க வைத்தது உங்கள் கடைசி மின்னஞ்சல்: "கொண்டு வாருங்கள், அப்புறப்படுத்திவிடுகிறோம்." 2017இல் சின் மிங் வட்டாரத்தில், கூவும் சத்தம் குறித்த புகார்களுக்குப் பிறகு 24 கோழிகள் கொல்லப்பட்டபோது ஊரே வருந்தியது. என் மகளின் உள்ளங்கையில் அரிசி கொத்தி வளர்ந்த உயிர்களை அந்தச் சொல்லுக்கு நான் ஒப்படைக்க மாட்டேன். சேவலாகப் பிறந்தது அவற்றின் குற்றமில்லை.

ஆகவே, மூன்று சேவல்களும் உயிரோடு வாழக்கூடிய இடத்தை உங்கள் செலவில் ஏற்பாடு செய்து, எந்த இடம் என்பதை எழுத்தில் தெரிவியுங்கள். அவற்றுக்குக் கொடுத்த முழுத் தொகையையும், ஆறுக்கும் வாங்கிய கூடுதல் விலையையும் திருப்பிக் கொடுங்கள். சில்க்கி குஞ்சுகளுக்குப் "பெட்டை உத்தரவாதம்" என்ற விளம்பரத்தை உடனே நீக்குங்கள். உறுதியாகப் பெட்டைதான் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு, பொரிக்கும்போதே நிறத்தால் பிரித்தறியக்கூடிய கலப்பினங்களை விற்கலாம். பெட்டைக்குஞ்சு பழுப்பாகவும் சேவல் குஞ்சு வெளிர் மஞ்சளாகவும் பொரிக்கும் வகைகள் இருக்கின்றன.

இரண்டு வாரத்துக்குள் பதில் வராவிட்டால், ரசீதையும் உங்கள் மின்னஞ்சல்களையும் எடுத்துக்கொண்டு சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்திடம் செல்வேன்.

இப்படிக்கு,
சிராங்கூன் கார்டன்ஸ் வாடிக்கையாளர்

இணைப்பு: ரசீது நகல், குஞ்சுகளின் படங்கள், மின்னஞ்சல் நகல்கள்